ஒரே அச்சுப் படகு, வேறு வேறு சட்டைப்பை

1876ஆம் ஆண்டு ஜூன் மாதம். அமெரிக்க சுதந்திரத்தின் நூற்றாண்டையொட்டி நியூயார்க்கில் ஒரு பாய்மரப் படகுப் பந்தயம். ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிரிஸ்டல் ஊரிலிருந்து நத்தானியல் ஹெரஷாஃப் என்ற 28 வயது என்ஜினியர் ஒரு விசித்திரமான படகோடு வந்து சேர்ந்தார். ஒல்லியான இரண்டு உடல்கள், அவற்றை இணைக்கும் ஒரு மேடை, மேலே பாய். படகின் பெயர் அமரில்லிஸ். கூட வந்த படகுகளையெல்லாம் அநாயாசமாகப் பின்னுக்குத் தள்ளிவிட்டு அது எல்லையைத் தொட்டது. தோற்றவர்கள் சும்மா இருப்பார்களா? முறையிட்டார்கள். அமரில்லிஸின் வெற்றி செல்லாது என்றாயிற்று. அதன் பிறகு வெகுகாலம் இரட்டை உடல் படகுகளை வழக்கமான பந்தயங்களில் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை.

நல்ல கருவியோடு வந்து ஜெயிப்பது அநியாயமா, நல்ல கருவி என்பதற்காகவே அதை வெளியே நிறுத்துவது அநியாயமா? 1876இல் கேட்ட இந்தக் கேள்விக்குப் பாய்மரப் படகு உலகம் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறது. இடையில் அது கண்டுபிடித்த சமாதானங்கள் சுவாரசியமானவை. சில சமாதானங்கள் சண்டையைவிட மோசமாகப் போனதும் உண்டு.

இரட்டை உடல் படகுக்கு ஆங்கிலேயர் வைத்திருக்கும் பெயர் தமிழிலிருந்து போனது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். கட்டுமரம்தான் கேட்டமரான் ஆயிற்று. சோழமண்டலக் கரையில் பார்த்த கட்டுமரத்தைப் பற்றி வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுதிவைத்திருக்கிறார். ஆனால் பெயர் போனதே தவிரப் பொருள் போகவில்லை. நம் மீனவர்களின் கட்டுமரம் என்பது பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கயிற்றால் கட்டிய மரத்துண்டுகள். அதற்கு இரட்டை உடல் கிடையாது. இரண்டு உடல்களை இணைத்து ஓட்டும் கலை பசிபிக் தீவுக்காரர்களுடையது. அவர்களுடைய படகுக்கு நம்முடைய பெயரை ஒட்டிவிட்டார்கள் வெள்ளைக்காரர்கள். இதில் பெருமைப்படுவதா கோபப்படுவதா என்பது அவரவர் விருப்பம்.

இந்த விவகாரத்துக்கும் பங்காருபேட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பங்காருபேட்டை சந்திப்பிலிருந்து கடல் வெகுதூரம். கிளை ரயிலில் போனால் தங்கவயலும் மாரிக்குப்பமும். 2001இல் சுரங்கம் மூடிய பிறகு அங்கிருந்து தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில். கடலைச் சினிமாவில் பார்ப்பதோடு சரி. ஆனால் மேற்கே போகும் ரயில் முடியும் பெங்களூரில் அல்சூர் ஏரி இருக்கிறது. அங்கே 'தம்பிகள்' என்று ராணுவத்தில் செல்லமாக அழைக்கப்படும் மெட்ராஸ் சாப்பர்களின் திரிஷ்ணா பாய்மரப் படகுக் கழகம் இருக்கிறது. 1985-87இல் உலகைச் சுற்றிவந்த ராணுவப் பொறியாளர்களின் திரிஷ்ணா படகின் பெயரைத் தாங்கிய கழகம் அது. கிழக்கே போகும் ரயிலில் காட்பாடியில் இறங்கினால் வேலூர். ஒலிம்பிக்கில் இரண்டு முறை பாய் விரித்த சுபேதார் விஷ்ணு சரவணன் வேலூர்க்காரர். அதே ரயிலில் கடைசி வரை போனால் சென்னை. அங்கே நேத்ரா குமணன். கடல் இல்லாத ஊருக்கு இரண்டு பக்கமும் படகுக்காரர்கள்.

தங்கவயலின் பழைய தலைமுறைக்கு இந்த விவகாரம் வேறொரு வழியிலும் புரியும். அவர்களுடைய விளையாட்டு ஹாக்கி. 1928 முதல் 1972 வரை ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா பதக்கம் இல்லாமல் திரும்பியதே இல்லை. 1976இல் மாண்ட்ரியலில் புல்தரை போய்ச் செயற்கைத் தரை வந்தது. இந்தியா 7ஆவது இடம். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. எல்லாப் பழியையும் தரையின் மீது போட முடியாது. ஆனால் தரையை மாற்றலாம் என்று முடிவு செய்த தேசங்களில் அந்தத் தரை இருந்தது. புல்லிலும் மண்ணிலும் ஆடிப் பழகிய பிள்ளைகள் இருந்த தேசத்தில் அது விரல்விட்டு எண்ணும் அளவுக்குக்கூட இல்லை. ஆட்டம் அதேதான், விதி எல்லோருக்கும் பொதுதான். பொது விதியிலும் ஒருவருக்கு மட்டும் செலவு வைக்க முடியும் என்பதை ஹாக்கி அப்போதே காட்டிவிட்டது.

படகுக்குத் திரும்பலாம். பாய்மரப் பந்தயம் ஆதியிலிருந்தே பணக்காரர் விளையாட்டு. இந்த வருஷம் ஜெயித்த படகை அடுத்த வருஷம் தோற்கடிக்க இன்னொருவர் புதிதாக ஒன்று கட்டுவார். அதற்கடுத்த வருஷம் வேறொருவர். போட்டி தண்ணீரில் நடப்பதுபோல் தெரியும். உண்மையில் நடப்பது படகு கட்டும் பட்டறையில். இதைப் பார்த்துச் சலித்துப்போன அயர்லாந்துக்காரர்கள் சிலர் டப்ளினில் 1887இல் ஒரு காரியம் செய்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரிப் படகு கட்டிக்கொள்வது, அதில் எவரும் கை வைப்பதில்லை, யார் சாமர்த்தியசாலி என்பதைக் காற்று முடிவு செய்யட்டும். அந்தச் சிறிய படகுகளுக்கு வாட்டர் வாக் என்று பெயர். 'ஒன் டிசைன்', அதாவது ஒரே அச்சுப் படகு என்ற ஏற்பாடு அங்கேதான் பிறந்தது. பணத்தைப் பந்தயத்திலிருந்து வெளியே அனுப்புவதுதான் அதன் நோக்கம்.

பணம் அவ்வளவு லேசில் வெளியே போகிற விருந்தாளியா?

ஆப்டிமிஸ்ட் என்ற குட்டிப் படகின் கதையைப் பாருங்கள். 1947இல் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் அதை வடிவமைத்தார். சின்னப் பிள்ளைகளுக்காக, மலிவான ஒட்டுப்பலகையில், அப்பாவும் பிள்ளையும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்ற கணக்கில். நீளம் 2.36 மீட்டர்தான். பார்க்கச் சோப்புப் பெட்டிபோல் இருக்கும். உலகம் முழுக்கப் பரவிவிட்டது. நம் நாட்டின் கழகங்களிலும் பிள்ளைகள் அதில்தான் அரிச்சுவடி படிக்கிறார்கள். ஆனால் வீட்டில் செய்த படகுகள் ஒன்றுபோல் இருக்கவில்லை. எங்கே அரை அங்குலம் குறைத்தால் வேகம் கூடும் என்று பட்டறைக்காரர்கள் கற்றுக்கொண்டார்கள். கடைசியில் 1995இல் விதியை இறுக்கி, யார் செய்தாலும் ஒரே மாதிரிதான் இருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். நியாயம் கிடைத்தது. அப்பா தன் கையால் செய்த படகு போயே போய்விட்டது. நியாயத்துக்கும் ஒரு விலைச்சீட்டு உண்டு.

இரட்டை உடல் படகுகளில் ஒரே அச்சுக் கொள்கையைக் கோடிக்கரை முதல் குமரிக்கரை வரை என்பதுபோல் உலகக் கரைகளெங்கும் கொண்டுபோனது ஹோபி 16. கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை செய்துகொண்டிருந்த ஹோபி ஆல்டர் 1960களின் கடைசியில் உருவாக்கியது. இந்தப் படகின் உலகப் போட்டிகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. யாரும் தன் படகைக் கொண்டுவர வேண்டாம். புதுப் படகுகளைப் போட்டி நடத்துகிறவர்களே வரிசையாக நிறுத்திவைப்பார்கள். சுற்றுக்குச் சுற்று படகு கைமாறும். இன்று நீங்கள் ஓட்டியது நாளை உங்கள் எதிரி கையில். படகைக் குறை சொல்ல வழியே இல்லை. ஓட்டும் இருவரின் எடைக்கும் கீழ்வரம்பு உண்டு. எடை குறைந்த ஜோடி ஈயக்கட்டியைச் சுமந்தாக வேண்டும்.

அந்தப் படகிலும் சிக்கல் வந்தது. அலுமினியப் பாய்மரம் உயரமானது. கரையில் படகைத் தள்ளிக்கொண்டு போகும்போது மேலே போகும் மின்கம்பியில் பட்டு அமெரிக்காவில் மரணங்கள் நேர்ந்தன. நிறுவனத்தின் மீது வழக்குகள். 1980களில் பாய்மரத்தின் மேல் பகுதியை மின்சாரம் பாயாத ஃபைபரில் செய்து கொடுத்தார்கள். உயிர் காக்கும் திருத்தம், யார் மறுப்பார்கள்? மறுத்தார்கள். அமெரிக்காவில் அது கட்டாயம் ஆயிற்று. மற்ற நாடுகளில் பலர் முழு அலுமினியத்தையே வைத்துக்கொண்டார்கள். ஃபைபர் நுனி கனமானது, அதோடு வளைவும் வேறு என்று ஓட்டுகிறவர்கள் முணுமுணுத்தார்கள். ஆக, 'ஒரே அச்சுப்' படகுக்கு உலகில் இரண்டு விதப் பாய்மரங்கள். காரணம் வேகம் அல்ல, வழக்கறிஞர்கள்.

நம் நாட்டுக்காரர்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட படகு வேறு. அது ஒற்றை உடல், ஒற்றை ஆள் படகு. லேசர் என்ற பெயரில் 1971இல் விற்பனைக்கு வந்தது. வடிவமைத்தவர் கனடாவைச் சேர்ந்த புரூஸ் கிர்பி. நீளம் 4.23 மீட்டர், எடை 59 கிலோ, கார் கூரையில் கட்டிக்கொண்டு போகலாம். இதுவரை இரண்டு லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். 1996 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. இப்போது அதற்குப் பெயர் ஐ.எல்.சி.ஏ. ஏன் பெயர் மாறியது என்பது பின்னால் வரும்.

ஒரே உடலுக்கு மூன்று அளவுப் பாய் மாட்டலாம் என்பது இந்தப் படகின் சாமர்த்தியம். பெரியது 7.06 சதுர மீட்டர், நடுவாந்திரமானது 5.76, சின்னது 4.7. எடை மிகுந்தவர்களுக்குப் பெரியது, மற்றவர்களுக்கு அவரவர் உடம்புக்கு ஏற்றது. படகு ஒன்றாக இருந்தால் போதாது, ஆள் ஒன்றாக இல்லையே என்பதைப் புரிந்துகொண்ட ஏற்பாடு.

நேத்ரா குமணன் 2020 ஜனவரியில் மியாமி உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கியது நடுவாந்திரப் பாயில். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் படகோட்டிப் பெண்ணும் அவரே. அங்கே 35ஆவது இடம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 21. விஷ்ணு சரவணன் ஓட்டுவது பெரிய பாய். டோக்கியோவில் 20, பாரிஸில் 18. ஹாங்சோவில் 2023இல் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம். இந்த எண்களைப் பார்த்து உதடு பிதுக்குகிறவர்கள், கடற்கரை இவ்வளவு நீளமாக உள்ள நாட்டில் அதற்கு முன் எத்தனை பேர் அந்தப் பக்கம் போனார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஒலிம்பிக்கில் இந்த வகைப் படகைப் போட்டி நடத்துகிறவர்களே கொடுத்துவிடுகிறார்கள். எல்லோருக்கும் புதுசு, சீட்டுக் குலுக்கி எடுப்பது. சென்னையிலிருந்து வந்தவருக்கும் சிட்னியிலிருந்து வந்தவருக்கும் அங்கே வித்தியாசம் கிடையாது. வித்தியாசமெல்லாம் அந்த இடத்துக்குப் போய்ச் சேரும் வழியில்தான் இருக்கிறது.

ஒரே அச்சுப் படகுகள் ஒன்றாக இருப்பது பெட்டியைப் பிரிக்கும் அன்றைக்கு மட்டும். அதன் பிறகு ஒவ்வொன்றும் தன் வழியில் கிழமாகிறது. பாய் என்பது வெறும் துணி அல்ல. நூலுக்கு மேல் பிசின் ஏற்றி விறைப்பாக்கிய துணி. காற்றில் படபடக்கப் படபடக்க அந்த விறைப்பு உடையும். விறைப்பு போன பாயில் வயிறு விழுகிறது. காற்று பலமாகும்போது அந்த வயிறு பின்னால் நகர்ந்து, படகை முன்னே தள்ள வேண்டிய விசை பக்கவாட்டில் சாய்க்கத் தொடங்கும். ஓட்டுகிறவர் உடம்பை வெளியே சாய்த்துப் படகை நிமிர்த்திப் பிடிப்பார். புதுப் பாய்க்காரர் அதே உழைப்பில் முன்னே போய்க்கொண்டிருப்பார். இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. கடைசிக் கணக்கில் தெரியும்.

பாய்மரமும் அப்படியே. லேசரின் பாய்மரம் இரண்டு துண்டு. மேல் துண்டு அலுமினியமாக இருந்த காலத்தில் பலத்த காற்றில் அது வளைந்துவிடும், வளைந்தது நிமிராது. வசதி உள்ளவர் அதைக் கரையிலேயே போட்டுவிட்டு அடுத்ததை எடுத்துச் செருகுவார். வசதி இல்லாதவர் இரண்டு மரக்கட்டைக்கு நடுவே கொடுத்து எதிர்ப்பக்கம் வளைத்து நிமிர்த்தப் பார்ப்பார். நிமிர்ந்தாலும் அடுத்த காற்றில் இன்னும் சீக்கிரம் வளையும். வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய சாமான் என்றால் கப்பல் கூலி, காத்திருப்பு எல்லாம் சேர்த்து ஒரு குழாய்த்துண்டு குடும்ப பட்ஜெட்டையே அசைத்துவிடும்.

விதி ஒரு எழுத்தும் மாறாமல் இருந்த காலத்தில்தான் இந்த ஏற்றத்தாழ்வு நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 'படகை மாற்றாதே, மாற்றினால் ஏழைக்குச் செலவு' என்று சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் சீக்கிரம் சாகும் பாயையும் சுலபமாக வளையும் மரத்தையும் அப்படியே வைத்திருப்பதும் செலவுதான். வருஷத்துக்கு நாலு பாய் வாங்க முடிந்தவர்களுக்கு அது வசதியான ஏற்பாடு. மாற்றம் வேண்டாம் என்று கூட்டத்தில் அவர்கள் கை தூக்கினால் ஆச்சரியம் என்ன?

2016இல் பெரிய பாய்க்கு ஒரு புது வடிவம் வந்தது. துணி கொஞ்சம் கனம், வெட்டும் தையலும் வேறு, ஆயுள் அதிகம். அடுத்த ஆண்டு மேல் பாய்மரத்துக்கு வளையாத ஃபைபர் துண்டு வந்தது. இரண்டையும் கொண்டுவந்த விதத்தில் ஒரு பக்குவம் இருந்தது. பழைய பாயும் செல்லும், பழைய அலுமினியமும் செல்லும். உடனே மாற்றியாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. கையில் இருப்பது தேய்ந்த பிறகு வாங்கினால் போதும். ஃபைபர் துண்டை ஒரு முறை வாங்கியவர் வளைந்த குழாய்க்காக மறுபடி மறுபடி அழவேண்டியதில்லை. ஒரு மாற்றம் வேகத்துக்காக வருகிறதா, உழைப்புக்காக வருகிறதா என்று பார்த்தால் பாதி வழக்கு தீர்ந்துவிடும். உழைப்புக்காக வருவது பெரும்பாலும் ஏழை பக்கம் நிற்கிறது.

வேகத்துக்காக வந்த மாற்றங்களின் கதை இரட்டை உடல் படகுகளில் இருக்கிறது. டோர்னாடோ என்ற பெரிய கேட்டமரான் 1976 முதல் 2008 வரை ஒலிம்பிக்கில் ஓடியது. 2000 சிட்னி ஒலிம்பிக் முடிந்ததும் அதற்குப் புது அலங்காரம். முன்னால் பலூன்போல் உப்பும் ஒரு கூடுதல் பாய், இருவருமே கம்பியில் தொங்கிச் சாய்வதற்கான ஏற்பாடு, வேறு அளவுப் பாய்கள். தொலைக்காட்சியில் பார்க்கப் பிரமாதம். பழைய அமைப்பில் ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்குத் தலைவலி. விதி இடம் கொடுத்த மற்றொரு சந்து 2008இல் சீனாவின் சிங்தாவ் கடலில் தெரிந்தது. அங்கே காற்று மந்தமாக இருக்கும் என்று கணக்குப் போட்டு அமெரிக்க ஜோடி அந்த முன்பாயையே லேசான காற்றுக்கு ஏற்றாற்போல் தட்டையாகத் தைத்துக்கொண்டு வந்தது. டச்சு ஜோடியும் அதே யோசனையில் இருந்தது. மற்றவர்கள் முகம் சிவந்தார்கள். விதிமீறல் இல்லை, விதியின் ஓரத்தில் நடந்த நடை. காற்று பலமாக வீசிய நாட்களில் அந்தப் பாய் அமெரிக்கர்களுக்கு உதவவில்லை. வாயு பகவான் யாருக்கும் ஸ்பான்சர் அல்ல. அடுத்த ஒலிம்பிக்கில் கேட்டமரானே கிடையாது என்று அதற்கு முன்பே முடிவாகியிருந்தது வேறு விஷயம்.

2016 ரியோவில் கேட்டமரான் திரும்பி வந்தது, நாக்ரா 17 என்ற பெயரில். ஒரு ஆண், ஒரு பெண் சேர்ந்து ஓட்டும் போட்டி. ரியோ முடிந்தவுடன் அடுத்த மாற்றம். தண்ணீருக்கு அடியில் இறக்கை மாதிரித் தகடுகள் வைத்து, படகின் உடல் தண்ணீரை விட்டு மேலே எழும்பிப் பறக்கும்படி 2017இல் மாற்றினார்கள். புதுப் படகு எல்லோருக்கும் ஒரே நாளில் கிடைக்கவில்லை. முதலில் கிடைத்தவர் முதலில் பழகினார். பறக்கும் படகிலிருந்து விழுவதும் சாதாரண விஷயம் அல்ல. அந்த ஆண்டே பயிற்சியில் ஒரு அமெரிக்க வீரர் கைவிரல்களின் பகுதிகளை இழந்தார். எதிர்காலம் பறக்கும் படகுதான் என்று வாதிடுகிறவர்களிடம் நியாயம் இருக்கிறது. சின்னப் பையன்களும் பெண்களும் ஆசைப்படுவது அதற்குத்தான். அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டிய படகை ஒலிம்பிக்கில் ஓட்டச் சொன்னால் எத்தனை பேர் வருவார்கள்? ஆனால் ஹாங்சோவில் இதே நாக்ரா 17இல் ஒரு இந்திய ஜோடியும் இறங்கியது. அப்படிப்பட்ட ஜோடிக்குப் பயிற்சிக்கு உள்ளூரில் எதிராளி வேண்டும், உடைந்தால் உதிரி வேண்டும், நாலு வருஷத்துக்கு ஒருமுறை பாடத்திட்டமே மாறாமல் இருக்க வேண்டும். மாண்ட்ரியல் தரையில் வழுக்கிய நாட்டுக்கு இதைத் தனியாக விளக்கத் தேவையில்லை.

லேசரின் பெயர் ஏன் மாறியது? ஒரே அச்சு என்றால் அச்சு யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியும் கூடவே வருகிறது. படகு செய்யும் உரிமை, பெயருக்கான உரிமை, வடிவமைத்தவருக்குச் சேரவேண்டிய தொகை என்று பல வருஷம் கோர்ட் படி ஏறினார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் லேசர் என்ற பெயருக்குச் சொந்தக்காரராக இருந்த தயாரிப்பாளர், தொழிற்சாலையில் வந்து அளந்து பார்க்கப் படகோட்டிகளின் சங்கத்தை அனுமதிக்கவில்லை என்பது 2019இல் எழுந்த பிரச்சினை. சங்கம் அந்தத் தயாரிப்பாளருக்கான அங்கீகாரத்தை நீக்கியது. அங்கீகாரம் போனாலும் பெயர் அவர்களுடையதாயிற்றே! படகுக்கே வேறு பெயர் வைக்க வேண்டியதாகிவிட்டது. அப்படி வந்ததுதான் ஐ.எல்.சி.ஏ. ஒலிம்பிக் படகுகளை ஒரே கடையில்தான் வாங்கியாக வேண்டும் என்ற நிலை கூடாது, தகுதியுள்ள எவரும் நியாயமான நிபந்தனையில் செய்யலாம் என்ற கொள்கையை உலகப் பாய்மரச் சம்மேளனமும் வலியுறுத்தியது.

அதற்குப் பிறகு பல நாடுகளில் பல தயாரிப்பாளர்கள். போட்டி வந்தால் நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் உடனே அடுத்த முணுமுணுப்பு: எந்தத் தொழிற்சாலைப் படகு வேகம்? அளவுகோலை வைத்து அளந்தால் எல்லாம் ஒன்றுதான். ஆனாலும் இந்தக் கம்பெனிப் படகு கொஞ்சம் விறைப்பு, அந்தக் கம்பெனிப் பாய் கொஞ்சம் தட்டை என்று கரையில் பேச்சு ஓயாது. ஒரு கடை என்றால் விலை பயம், பத்துக் கடை என்றால் சந்தேகம். இரண்டில் எது தேவலாம் என்றால் சந்தேகமே தேவலாம். அதை அளந்து தீர்க்கலாம். விலையை அளந்து தீர்க்க முடியாது.

பாய் விஷயத்தில் இன்னொரு வேடிக்கை. அதே அளவில், அதே வடிவில் பாய் தைத்துக் கொடுக்கும் தையல்கூடங்கள் பல நாடுகளில் உண்டு. விலை குறைவு, சில சமயம் உழைப்பும் அதிகம். ஆனால் சங்கத்தின் முத்திரை இல்லாத பாயைப் பந்தயத்தில் ஏற்ற முடியாது. ஆகவே வாரம் முழுக்க முத்திரை இல்லாத பாயில் பயிற்சி, பந்தயத்தன்று மட்டும் மடிப்புக் கலையாத முத்திரைப் பாய். பட்டுப் புடவையைப் பெட்டியில் வைத்துக் கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கிற நம் வீட்டுச் சிக்கனம்தான்.

நம் கரைகளிலும் கருவி மாறாமல் இல்லை. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. பல குப்பங்களில் கட்டுமரம் அபூர்வமாகிவிட்டது. எந்திரம் வைத்த படகுக்காரர் மீன் இருக்கும் இடத்துக்கு முதலில் போய்விடுவார், துடுப்புக்காரர் மிச்சத்துக்குப் போவார். இங்கே தோற்றால் போவது கோப்பை அல்ல, அன்றைய சோறு. ஆனால் ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிப் பக்கத்துக் கடலோர ஊர்களில் இன்னமும் கோயில் திருவிழாவையொட்டிப் பாய்மரப் படகுப் போட்டி நடத்துகிறார்கள். எந்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு படகுக்கு இத்தனை ஆள் என்று வரம்பு கட்டி, பாயை மட்டும் நம்பி இறங்குவது. டப்ளின்காரர்களைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. அவசியமும் இல்லை.

இந்தியக் கழகங்கள் உலகச் சங்கத்தின் விதிப் புத்தகத்தை மாற்ற முடியாது. உள்ளூர்ப் பந்தயத்தை எப்படி நடத்துவது என்பது அவர்கள் கையில்தான் இருக்கிறது. ஜே 70 போன்ற சில வகைப் படகுகளில் ஒரு ஆண்டுக்கு இத்தனை புதுப் பாய்தான் வாங்கலாம் என்று உச்சவரம்பே வைத்திருக்கிறார்கள். பணம் இருந்தாலும் வாங்க முடியாது. மாவட்ட, மாநில அளவுப் போட்டிகளுக்கு இதைக் கடன் வாங்கலாம். ராணுவத்திலும் கடற்படையிலும் இருக்கும் இளைஞர்களுக்குப் படகைத் தருவது அரசு. சென்னையிலும் மும்பையிலும் ஓட்டும் பிள்ளைகளில் பலருக்குத் தருவது அப்பா. இரண்டும் இல்லாதவர்களைப் பற்றித்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. தங்கவயலில் அப்படிப்பட்ட ஒரு பையன் சாப்பராகி அல்சூர் ஏரியை எட்டிவிடலாம். அதே தெருவில் உள்ள பெண் பிள்ளைக்கு அந்தக் கதவு அத்தனை சுலபமாகத் திறப்பதில்லை.

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலும் ஐ.எல்.சி.ஏ. இருக்கிறது, பறக்கும் நாக்ராவும் இருக்கிறது. பறக்கிற படகை நம் ஏரிகளில் உடனே எதிர்பார்க்க முடியாது. ஹோபி 16காரர்கள் உலகப் போட்டியில் செய்வதை ஓர் ஏரியில் செய்ய முடியும். கழகத்தின் படகுகளை வரிசையாக நிறுத்திச் சீட்டுக் குலுக்குவது, நல்ல பாயும் நைந்த பாயும் சுற்றுக்குச் சுற்று கைமாறும்படி பார்த்துக்கொள்வது, எல்லோருக்கும் எல்லாப் படகும் ஒரு முறை வந்த பிறகு கணக்குப் பார்ப்பது. அந்தப் பந்தயத்துக்கு வருகிற பிள்ளை வீட்டிலிருந்து எடுத்துவர வேண்டியது மாற்றுத் துணி ஒரு செட்டும் ரயில் டிக்கெட்டும்.